பை 4 பலகைக்கு மூன்றாவதாக வாங்கிய பெட்டி

வீட்டுக் கோப்புகளைச் சேமித்து வைக்க ராஸ்பெரி பை 4 பலகையை (ஒரே மின்சுற்றுப் பலகையில் அடங்கிய சிறு கணினி) வாங்கியபோது, பெட்டிக்கெனத் தனியாகச் செலவிடும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. முந்தைய பை 3 போலவே இதுவும் 85 மில்லிமீட்டர் நீளமும் 56 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. திருகுத் துளைகளின் இடைவெளியும் மாறவில்லை. எனவே கையிலிருந்த பை 3 பெட்டியே போதும் என்று நம்பினேன். பலகை உள்ளே இறங்கவே மறுத்தது. கம்பி வலையிணைப்புக்கான ஈதர்நெட் துளையும் யுஎஸ்பி துளைகளும் ஒன்றின் இடத்துக்கு மற்றொன்று மாறியிருந்தன. திரையை இணைக்கும் பெரிய எச்டிஎம்ஐ துளை ஒன்றுக்குப் பதில் சிறியவை இரண்டு வந்திருந்தன. (2023இல் வந்த பை 5இல் ஈதர்நெட் மீண்டும் பழைய பக்கத்துக்கே போய்விட்டது.)

அடுத்து, பை 4க்கென்றே விற்ற மிக மலிவான பிளாஸ்டிக் பெட்டியை வாங்கினேன். அது கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் காற்றுப் போக வழியில்லை. பெரிய கோப்புகளைத் தொடர்ந்து நகலெடுத்தபோது வெப்பநிலை 80 டிகிரி செல்சியஸைத் தாண்ட, செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. மூடியைக் கழற்றி வைத்ததும் சூடு இறங்கியது. மூடியில்லாமல் வைப்பதற்குப் பெட்டி எதற்கு?

சலிப்பில் மினி ஐடிஎக்ஸ் என்னும் சிறிய கணினித் தாய்ப்பலகை அமைப்பின் பக்கமும் பார்த்தேன். 170 மில்லிமீட்டர் சதுரமான அந்த அமைப்பில் திருகுத் துளைகளும் பின்பக்க இணைப்புகளுக்கான திறப்பும் வரையறுக்கப்பட்டவை என்பதால், பலகையை மாற்றினாலும் பெட்டியை வைத்துக்கொள்ளலாம். இது உண்மையிலேயே பெரிய சிக்கனம். ஆயினும் பெட்டிக்கும் மின்வழங்கிக்கும் ஆகும் செலவு என் சிறு தேவைக்கு மிகுதி என்று விட்டுவிட்டேன். முப்பரிமாண அச்சில் செய்துகொள்ளவும் யோசித்தேன். ஆனால் பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும்.

இறுதியில் வாங்கியது, விசிறி இல்லாத அலுமினியப் பெட்டி. அதன் உட்புறத் தூண் ஒன்று வெப்பக்கடத்தித் துண்டின் வழியாகச் செயலியைத் தொட்டு நிற்க, பெட்டி முழுவதுமே சூட்டை வெளியேற்றுகிறது. துண்டின் இருபுறமும் ஒட்டியிருந்த மெல்லிய தாளில் ஒன்றை உரிக்க மறந்து, ஒருநாள் முழுதும் பெட்டியைக் குறை கூறிக்கொண்டிருந்தேன். உலோகம் சூழ்ந்ததால் வைஃபை நலிந்தது. கம்பி இணைப்பில் ஓடும் எனக்கு அதனால் இழப்பில்லை. ஆனால் இயங்குதளம் இருந்த நினைவக அட்டையை எடுக்க நான்கு திருகுகளையும் கழற்ற வேண்டியிருந்ததால், இயங்குதளத்தை யுஎஸ்பியில் இணைத்த எஸ்எஸ்டி சேமிப்பகத்துக்கு மாற்றிவிட்டேன்.