மொறிஸ் மைனரின் மூன்றாவது நட்டு

அப்பாவின் மொறிஸ் மைனர் 1959ஆம் ஆண்டு வண்டி, 948 சிசி எஞ்சின். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் இதுவும் ஒன்று. அதை விற்க வீட்டில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. போன மாதம் கோண்டாவிலிலிருந்து சுன்னாகம் போய்ச் சேருவதற்குள் ரேடியேட்டர் மூடியால் ஆவி வரத் தொடங்கியது. இந்தக் காரில் சூடு காட்டும் மீற்றர் கிடையாது, ஆவியைக் கண்ட பிறகுதான் தெரியும். எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வுதான் தெர்மோஸ்டாட், அதைக் கழற்றிப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

வேலை சின்னது. மேல் ஹோஸைக் கழற்றி, எஞ்சின் ஹெட்டின் முன்பக்கத்தில் இருக்கிற அலுமினிய மூடியின் 3 நட்டுகளைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். இரண்டு சிரமமில்லாமல் வந்தன. மூன்றாவது அசையவில்லை. முன்பு யாரோ 13 மில்லிமீற்றர் ஸ்பனர் போட்டு மூலைகளைத் தேய்த்துவிட்டிருக்கிறார்கள். இந்த நட்டுக்கு அரை அங்குல ஸ்பனர், அதாவது 12.7 மில்லிமீற்றர். அந்த 0.3 வித்தியாசம் போதும், இறுகிய நட்டு என்றால் மூலை உருண்டுவிடும்.

ரிங் ஸ்பனரைப் போட்டு அழுத்தியபோது கொஞ்சம் திரும்பியது மாதிரி இருந்தது, ஆனால் ரப்பரைத் திருகுகிற மாதிரி ஒரு இழுவை, கையை விட்டதும் பழைய இடத்துக்கே வந்து நின்றது. அந்த இடத்தில் நிறுத்தியதுதான் நான் செய்த நல்ல வேலை என்று நினைக்கிறேன். நட்டு கழருவதாக இருந்தால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு விடும். இழுபடுகிற மாதிரி இருந்தால் திரும்புவது நட்டு இல்லை, உள்ளே இருக்கிற ஸ்டட், அதாவது ஹெட்டில் திருகி நிற்கிற தலையில்லாத போல்ட், முறுகுகிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் ஹெட்டோடு ஒட்ட முறிந்திருக்கும், பிறகு ட்ரில் பிடித்து, புரி வெட்டி, பெரிய வேலை.

பின்னேரம் பக்கத்து வீட்டு ஐயா வந்து எட்டிப் பார்த்தார். நாற்பது வருடம் கராஜில் நின்றவர். "தம்பி, இனி முறுக்காதை. மூன்று நாளைக்கு எண்ணெய் குடிக்க விடு, பிறகு சூடு காட்டுவம்" என்றார். நட்டுக்கு மேலே தெரிந்த புரியைக் கம்பி பிரஷால் நன்றாகத் தேய்த்துத் துப்புரவாக்கி, காலையும் மாலையும் டீசல் விட்டு, ஒவ்வொரு முறையும் சின்னச் சுத்தியலால் நட்டின் தலையில் மெதுவாகப் பத்துப் பதினைந்து தட்டு. துருவுக்குள் எண்ணெய் இறங்க இந்தத் தட்டல்தான் வழி விடுகிறது, வெறுமனே எண்ணெயை ஊற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் மேலேயே நிற்கும்.

நான்காம் நாள் காரை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து, பற்றரி வயரைக் கழற்றி, டீசலை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் துடைத்து, காபரேட்டரை ஈரச் சாக்கால் மூடி, பக்கத்தில் ஒரு வாளி மணலும் வைத்த பிறகுதான் சின்ன காஸ் ரோச்சைப் பற்ற வைத்தோம். நெருப்பு நட்டைச் சுற்றி மட்டும், இரண்டு நிமிடம். பிறகு ஐயா சட்டைப் பையிலிருந்து ஒரு மெழுகுதிரித் துண்டை எடுத்து நட்டும் ஸ்டட்டும் சேருகிற இடத்தில் தொட்டார். மெழுகு உருகி, ஒரு கணம் பளபளவென்று நின்று, சடாரென்று புரிக்குள் இழுபட்டுப் போய்விட்டது. மெல்லிய புகை. இதை இவ்வளவு கிட்டத்தில் நான் முதல் முறை பார்க்கிறேன்.

ஆறு மூலை சொக்கெட்டைச் சின்னதாகத் தட்டி இறக்கி, முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை. பிறகு கழற்றுகிற பக்கம். 'டிக்'. கைக்குத் தெரிந்தது, காதுக்கு அவ்வளவாக இல்லை. அதற்குப் பிறகும் அவசரப்படாமல் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று கால் மணித்தியாலம் ஆட்டித்தான் நட்டு கைக்கு வந்தது. ஸ்டட் முறியவில்லை!

மூடி அதற்கு மேலும் அடம் பிடித்தது. சூடாக்கினால் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய 2 மடங்கு விரியும் என்பதால் மூடிக்கும் சூடு காட்டி, பலகைத் துண்டு வைத்துத் தட்டித் தட்டி எழுப்பினோம். ஸ்டட்டைச் சுற்றி வெள்ளை மா மாதிரி கொட்டியது, அது அலுமினியம் அரித்த பொடி. உள்ளே பார்த்தால் கேத்திலுக்குள் பிடிக்கிற அதே சுண்ணாம்புப் படை. எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல், கிணற்றுத் தண்ணீர் கடினம், அதைத்தான் இத்தனை வருடமாக ரேடியேட்டருக்கு ஊற்றியிருக்கிறோம். இங்கே குளிர் இல்லை, தண்ணீர் உறையாமல் இருக்கக் கலக்கிற கூலன்ட் எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். குளிருக்கு மட்டும் இல்லை, அது துருவையும் அரிப்பையும் தடுக்கிற மருந்து.

தெர்மோஸ்டாட்டைச் சட்டித் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தேன். 82 பாகையில் திறக்க வேண்டியது, தண்ணீர் தளதளவென்று கொதித்தும் திறக்கவில்லை. ஸ்டான்லி வீதியில் புதிதாக ஒன்று வாங்கி, கஸ்கெட் மாற்றி, மூன்று ஸ்டட்டுக்கும் செப்பு கிரீஸ் பூசிப் பூட்டியாயிற்று. கிணற்றுத் தண்ணீர் இல்லாமல், காய்ச்சி வடித்த தண்ணீரோடு கூலன்ட் கலந்து விட்டேன். நேற்று கீரிமலை வரை போய் வந்தோம், ஆவி இல்லை, ஒழுக்கும் இல்லை.

பிளொக்கில் இருக்கிற தண்ணீர் வடிக்கிற பைப்பும் இறுகித்தான் கிடக்கிறது. அதற்கு நேற்றிரவே டீசல் விடத் தொடங்கிவிட்டேன்.