சேர்வராயன் மலையில் ஒரு கூட்டுப்பண்ணை: 40 பேருக்கு ஒரே அடுப்படி

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ் ஏறினால் சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டில் இறங்கி வேறு வண்டி பிடித்து, காபித் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண் பாதையில் கொஞ்சம் நடந்தால் பண்ணை வந்துவிடும். பல ஊர்க்காரர்கள் சேர்ந்து நிலம் வாங்கி, பொதுவில் சமைத்துச் சாப்பிட்டு வாழும் இடம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அங்கே தங்கப் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

இந்த வீட்டின் உயிர் அடுப்படியில்தான் இருக்கிறது. ஒரு வேளைக்கு மூன்று பேர். முன்பு தினமும் மூவரையும் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். உப்பு எங்கே, பருப்பு எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாமல் போனது. இப்போது ஒருவர் மட்டும் மாறுவார், மற்ற இருவர் நேற்று சமைத்தவர்களாகவே இருப்பார்கள். கூட்டாகச் சமைக்க நினைக்கும் யாரும் இந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மதியம் பெரும்பாலும் சாமைச் சோறு. ஆளுக்கு 100 கிராம் என்று 40 பேருக்கு 4 கிலோ. முதலில் கல் அரிக்க வேண்டும்: அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, ஆட்டி ஆட்டிச் சாமையை மட்டும் அடுத்த பாத்திரத்துக்குச் சாய்த்தால் அடியில் மணல் தங்கும். மூன்று முறையாவது செய்யாவிட்டால் பல்லில் நறநறவென்று மாட்டும். பிறகு அரை மணி நேரம் ஊறல். வீட்டில் ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் வைப்போம். அதே கணக்கை அண்டாவில் வைத்தால் கூழாகிவிடும். பெரிய பாத்திரத்தில், அளவோடு ஒப்பிட்டால் ஆவியாகிப் போகும் தண்ணீர் குறைவு. இரண்டு பங்கு போதும். புதிதாக வந்த பெண் இன்னும் ஒரு செம்பு ஊற்றப் போனபோது அடுப்படி அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்: "கண்ணு, போதும். கொதி வரட்டும், அப்புறம் தீயை வெளிய இழுத்துட்டு மூடி வை. தணல்லயே வெந்துரும்."

பருப்புக்கு வேறு கணக்கு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எனவே துவரம்பருப்பை ஒரு மணி நேரமாவது ஊற வைக்காமல் திறந்த பானையில் போட்டால், நடுவில் விறைப்பு போக வெகு நேரமாகும். புளியையும் தக்காளியையும் பருப்பு குழைந்த பிறகுதான் சேர்க்க வேண்டும்; புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் சீக்கிரம் வேகாது. விறகு, காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தைக் கவாத்து செய்த கிளைகள். மழைக்கு முன்பே வெட்டி, கூரைக்கடியில் அடுக்கிக் காய விட்டதுதான் எரியும். ஈர விறகு என்றால் அன்றைக்கு அடுப்படி முழுக்கக் கண்ணீர்தான்.

தண்ணீர் மேலே இருக்கும் ஊற்றிலிருந்து கறுப்புக் குழாயில் தானாக இறங்கி வருகிறது, மோட்டார் இல்லை. குழாய் மேடேறி இறங்கும் இடங்களில் காற்று அடைத்துக்கொண்டு ஓட்டம் நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் ஒரு சின்ன வால்வு வைத்திருக்கிறார்கள். காலையில் தண்ணீர் வரவில்லை என்றால் ஒருவர் ஏறிப் போய் வரிசையாகத் திறந்து, காற்று சீறி வெளியேறித் தண்ணீர் தெறித்ததும் மூடிவிட்டு வருவார். காட்டெருமை மிதித்து இணைப்பு கழன்றிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுவார்கள். கோடையில் ஊற்று சுருங்கும்போது குளியலுக்கு ஆளுக்கு ஒரு வாளிதான், கேட்டு வாங்காதீர்கள்.

கழிப்பறை உலர் வகை. திருச்சி மாவட்டம் முசிறியில் பெயர் வாங்கிய அதே மாதிரி. மலத்துக்கு ஒரு துளை, சிறுநீருக்கு ஒரு வழி, கால் கழுவ தனி இடம். போய் முடித்ததும் ஒரு குவளை சாம்பலோ காய்ந்த காபித் தொலியோ தூவ வேண்டும். புதியவர்கள் தவறுவது கழுவும் இடத்தில்தான். தண்ணீர் மலக்குழிக்குள் போனால் நாற்றமும் புழுவும் உடனே வரும், நன்றாக உலர மறுபடியும் வாரக்கணக்கில் ஆகும். ஒரு குழி நிறைந்தால் மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கிறார்கள். கீழே சமவெளியில் ஆறு மாதத்தில் மட்கிவிடும் என்பார்கள். இங்கே குளிரும் மூடுபனியும் இருப்பதால் ஓராண்டு விடுகிறார்கள். அவசரப்படாதது சரிதான் என்பேன். சிறுநீரில் பத்து மடங்கு தண்ணீர் கலந்து வாழைக்கு ஊற்றுகிறார்கள்.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம். விருந்தாளிகளும் வட்டத்தில் உட்காரலாம். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் ஊருக்குப் போகிறார்கள் என்பது முதல், அடுத்து கணக்கு, கடைசியில் மனத்தாங்கல்கள். நடத்துகிறவர் வாரம் ஒருவராக மாறுவார். ஒருவரைப் பற்றிய குறையை அவர் இருக்கும்போதுதான் பேசலாம், இல்லையென்றால் அடுத்த வாரம். ஒரு செலவுக்கு ஒருவர் மறுத்தாலும் ஒரு வாரம் தள்ளிப்போகும். ஆனால் மறுத்தவர் அந்த வாரத்துக்குள் வேறு வழி கொண்டு வர வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்க விடுவதில்லை. தூக்கக் கலக்கத்தில் சரி என்று தலையாட்டியவர்கள் மறுநாள் முணுமுணுக்கிறார்கள் என்பதே காரணம், அது எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தும். முடிவுகளைப் பெரிய நோட்டில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே எழுந்திருக்கிறார்கள்.

டிசம்பர், ஜனவரியில் போனால் காபிப் பழம் பறிக்கலாம். சிவந்ததை மட்டும் பறிக்க வேண்டும். பறித்ததை அன்றைக்கே தொட்டியில் போட்டு, மிதக்கும் பழத்தை வாரித் தள்ளிவிட்டு, மாலைக்குள் தோல் நீக்க வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் புளித்த வாடை கொட்டையில் ஏறிவிடும். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவும் கோடை விழாவும் சேர்ந்துகொள்வதால் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது, ஊற்றிலும் தண்ணீர் குறைவு. ஸ்வெட்டர், டார்ச், சொந்தத் தட்டு, டம்ளர் எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். போகிற வாரத்துக்கு முன்பே கடிதமோ போனோ போட்டுச் சொல்லிவிட்டால் சமையல் பட்டியலில் உங்கள் பெயரையும் சேர்த்துவிடுவார்கள்.