விளக்கணைப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம்

தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரவு எட்டரைக்கு என் டூட்டி தொடங்கும். ஒருவர் தூங்கும்போது மூளை அலை, மூச்சு, ஆக்சிஜன் எல்லாவற்றையும் இரவு முழுக்கப் பதிவு செய்யும் ஸ்லீப் ஸ்டடி டெக்னீஷியன் நான். அப்படிச் சொன்னால் ஊரில் பலருக்குப் புரிவதில்லை. "குறட்டை டெஸ்ட் எடுக்கிறேன்" என்றால் போதும், உடனே வீட்டில் யாரையாவது கை காட்டுவார்கள். ரெஸ்பிரேட்டரி தெரபி படித்துவிட்டுத்தான் சேர்ந்தேன். ஆனாலும் இனி நான் தனியாக ஓர் இரவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சீனியர் அக்கா சொல்ல நான்கு மாதம் ஆனது. இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்கும், பரிசோதனைக்கு வரப்போகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று அந்த நாட்களைப் பற்றி எழுதுகிறேன்.

விடிய விடியத் திரையைப் பார்ப்பதுதான் வேலை என்று நினைத்திருந்தேன். விளக்கணைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் சரியாக அமையாவிட்டால் அந்த இரவே வீண் என்பது போகப் போகத்தான் புரிந்தது.

தலையில் எலெக்ட்ரோடு, அதாவது மூளை அலைகளைப் பிடிக்கும் சின்ன உலோக வில்லை, ஒட்டும் இடங்களைக் குறிக்க முதலில் மூக்குத்தண்டின் மேல் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை டேப் வைத்து அளக்க வேண்டும். ஆளுக்கு ஆள் தலை வேறு என்பதால் சென்டிமீட்டர் கணக்கு உதவாது. மொத்த நீளத்தில் 10 சதவீதம், 20 சதவீதம் என்று பிரித்து மெழுகுப் பென்சிலால் புள்ளி வைப்போம். முடியை வகிர்ந்து, அந்த இடத்தை ஜெல்லால் தேய்த்து, பேஸ்ட் வைத்து எலெக்ட்ரோடைப் பதிப்போம். கண்ணோரம், தாடை, நெஞ்சு, கெண்டைக்கால் என்று வயர்கள் போகும். மூக்கில் காற்றோட்டம் பார்க்கும் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் ஆக்சிஜன் கிளிப். தலையில் ஒவ்வொரு எலெக்ட்ரோடின் மின்தடையும் 5 கிலோ ஓமுக்குக் கீழே வந்தால்தான் அக்கா நாற்காலியில் உட்கார விடுவார்.

நம் ஊரில் இதற்குப் பெரிய இடைஞ்சல் தேங்காய் எண்ணெய்தான். முதல் மாதம் வந்த ஒரு பாட்டிக்குத் தலை நிறைய எண்ணெய். சமாளித்துவிடலாம் என்று சரியாகத் துடைக்காமல் ஒட்டிவிட்டேன். இரவு இரண்டு மணிக்குப் பின்தலை எலெக்ட்ரோடு கழன்று, திரையில் அந்தக் கோடு முழுக்கக் கிறுக்கலாகிவிட்டது. உள்ளே போய் மறுபடி ஒட்டினேன். விழித்துக்கொண்ட பாட்டிக்கு நான்கு மணி வரை தூக்கமே வரவில்லை. என் அவசரத்தால் அவருக்கு இரண்டு மணி நேரத் தூக்கம் போனது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதற்குப் பிறகு பரிசோதனைக்கு முந்தின நாளே நானே போன் செய்துவிடுகிறேன்: "சீயக்காயோ ஷாம்பூவோ போட்டுத் தலைக்குக் குளிச்சிட்டு வாங்க. எண்ணெய் வேண்டாம், பூ வேண்டாம், நகப்பூச்சு வேண்டாம். மதியம் தூங்காதீங்க, மத்தியானத்துக்கு மேல காபி, டீ குடிக்காதீங்க."

ஒட்டி முடித்ததும் படுக்க வைத்து, மைக் வழியாகச் சிலவற்றைச் செய்யச் சொல்வோம். கண்ணை மூடுங்க, இடது வலது பாருங்க, பல்லைக் கடிங்க, மூச்சைப் பிடிங்க, காலை அசைங்க. கண்ணை மூடியதும் பின்தலைக் கோட்டில் நொடிக்கு எட்டு முதல் பதின்மூன்று அலைகள் வரிசையாக எழும்ப வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து வரும் பெரியவர்கள் சிலருக்குக் கன்னடம்தான் வசதி, சிலருக்குத் தெலுங்கு. இந்தக் கட்டளைகளை இரண்டு மொழியிலும் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். கண்ணை மூடுங்க என்பதற்கு "கண்ணு முச்சி" என்று கன்னடத்தில் கேட்டதும் அவர்கள் தோள் இறங்குவது கேமராவிலேயே தெரியும்.

பகல் தூக்கம்தான் கஷ்டம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினேன். ஆடி மாத ஒலிபெருக்கிக்கு என்னிடம் வழியில்லை.

தனியாகப் பார்த்த முதல் வாரத்திலேயே கிருஷ்ணகிரிப் பக்கத்து லாரி ஓட்டுநர் அண்ணன் ஒருவர் வந்தார். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஒரு கணம் கண் சொருகியதாம். வண்டியை ஓரம் கட்டிவிட்டு அரை மணி நேரம் கை நடுங்க உட்கார்ந்திருந்தேன் என்றார்.

பத்தேகாலுக்கு விளக்கணைத்தேன். பத்து நிமிடத்தில் குறட்டை. அப்புறம் சட்டென்று நிசப்தம். மூக்குக் காற்றின் கோடு தட்டையாகக் கிடக்கிறது. ஆனால் நெஞ்சும் வயிறும் எதிரெதிராக இழுத்துப் போராடுகின்றன, தொண்டை அடைத்திருக்கிறது. பத்து நொடி நின்றாலே கணக்கில் சேர்ப்போம். இவருக்கு நாற்பதைத் தாண்டியது. ஆக்சிஜன் சதவீதம் சற்றுத் தாமதமாகத்தான் இறங்கும்: 88, 80, 71. பிறகு ஒரு பெரிய உறுமலோடு மூச்சு வந்து, அரை நிமிடத்தில் மறுபடி அடைப்பு. இப்படி மூச்சு தடைபடுவது மணிக்கு 30 தடவைக்கு மேல் போனால் கடுமையானது என்பார்கள். இவருக்கு அறுபதைத் தாண்டியது. நானும் அவரோடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி நேரப் பதிவுக்குப் பின் டாக்டரைப் போனில் கேட்டு சிபாப் மாஸ்க் மாட்டினேன். காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி அது. 1981-இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் கொண்டுவந்தது. அழுத்தத்தை 4 சென்டிமீட்டரில் (நீர்மட்ட உயரத்தால் அழுத்தத்தை அளக்கும் கணக்கு) ஆரம்பித்து, ஐந்து நிமிடமாவது பொறுத்துப் பார்த்து, ஒன்றொன்றாக ஏற்ற வேண்டும். 11-இல் குறட்டை நின்றது. இரண்டு பெல்ட் கோடுகளும் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கின.

மூன்றரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வெளியே பெஞ்சில் படுத்திருந்த அவர் மனைவி. "தம்பி, சத்தமே இல்லியே, அவருக்கு ஒண்ணும் ஆகலையே?" கையெல்லாம் சில்லிட்டிருந்தது. உள்ளே அழைத்துத் திரையைக் காட்டினேன். "இது மூச்சுங்க அக்கா. இந்த 96 ஆக்சிஜன்." விரலை நீட்டி ஒவ்வோர் அலையாக எண்ணிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ஆறு மணிக்கு எழுந்த அண்ணன் தலையிலிருந்த பேஸ்டை வெந்நீரில் கழுவிக்கொண்டே கேட்டது ஒன்றைத்தான்: "லாரியில படுக்கிறப்ப இந்த மெஷின் ஓடுமா தம்பி?" வண்டி பேட்டரிக்கு ஏற்ற கன்வெர்ட்டர் இருந்தால் ஓடும் என்றேன். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.