தொப்பிக்குள்ள தபால்

பையன் கார் சாவிய தொப்பிக்குள்ள போட்டு தலையில கவுத்துக்கிட்டு நிக்கிறான், அமெரிக்காவுல இல்லினாய்ஸ் மாநிலத்து நியூ சேலம் ஊர்ல, மரவீடு ஒண்ணு வாசல்ல.

சிரிப்பு வந்துடுச்சு. 1833ல இதே ஊர்ல போஸ்ட்மாஸ்டரா இருந்த ஆபிரகாம் லிங்கன் தபாலையெல்லாம் தொப்பிக்குள்ள சொருகிக்கிட்டு, போற வழியில ஆளப் பார்த்தா எடுத்துக் குடுப்பாராம்.

1832 மாநில சட்டசபைத் தேர்தல்ல தோத்தாரு, ஆனா இந்த ஊர்ல மட்டும் 300 ஓட்டுல 277 அவருக்குத்தான்.

1834ல ஜெயிச்சாரு, சட்டசபைக்குப் போட்டுட்டுப் போக நல்ல துணி இல்ல, 200 டாலர் கடன் வாங்கி அதுல 60க்கு சூட் எடுத்தாரு. எம்எல்ஏ ஆனதும் மொத செலவே கடன்ல! (இப்பல்லாம் கவுன்சிலருக்கே ரெண்டு காரு.)

அடுத்த தடவை அவரோட சங்கமன் கவுண்டில (நம்மூரு மாவட்டம் மாதிரி) இருந்து அவரையும் சேர்த்துப் போன ஒன்பது பேரும் நெட்டையனுங்க, சராசரி ஆறடி, சேர்ந்து நின்னு 1837ல மாநிலத் தலைநகரையே வாண்டேலியால இருந்து ஸ்ப்ரிங்ஃபீல்டுக்கு இழுத்துட்டாங்க.

ஓட்டுப் போட்ட ஊர்க்காரன் லெட்டர தலையில சுமந்த ஆளுக்கு வேற எத சுமக்கத்தான் கஷ்டம்னு யோசிச்சிட்டே பார்க்கிங் வந்தேன்.

சாவி எங்கடான்னா முழிக்கிறான்.