மும்தாஜின் முகம்

ஜனவரி 12, 2025, ஞாயிறு
சாயங்காலம் மும்பை மலபார் ஹில் போனேன். நூறு வருடத்துக்கு முன்னால் இதே நாளில், கிப்ஸ் ரோடு என்று அப்போது பெயர் கொண்ட சாலையில், அப்துல் காதர் பாவ்லா என்ற வணிகரின் காரை இன்னொரு கார் வந்து மறித்தது. அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கூட இருந்த மும்தாஜ் பேகத்தின் முகத்தைக் கத்தியால் கிழித்தார்கள். இந்தூர் மகாராஜா மூன்றாம் துகோஜி ராவ் ஹோல்கரிடமிருந்து தப்பி வந்த நடனக்காரி அவர். கோல்ஃப் ஆடிவிட்டு அந்த வழியாகத் திரும்பிய ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் பாய்ந்து தடுத்தார்கள். ஒருவர் கோல்ஃப் மட்டையாலேயே விளாசினார். இல்லையென்றால் மும்தாஜைத் தூக்கிக்கொண்டே போயிருப்பார்கள்.

வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

ஜனவரி 15
பொங்கல் வேலையெல்லாம் ஓய்ந்தது. வழக்கைப் பற்றிப் படித்தேன். இந்தூரில் தனக்குப் பிறந்த பெண் குழந்தையைத் தாதிகள் கொன்றுவிட்டதாகக் கோர்ட்டில் மும்தாஜே சொல்லியிருக்கிறார். அதற்குமேல் படிக்க முடியாமல் மூடி வைத்துவிட்டேன்.

ஜனவரி 16
மிச்சத்தையும் முடித்தேன். குற்றவாளிகளில் ஒருவருக்காக வாதாடியவர் ஜின்னா. இரண்டு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். மகாராஜா கோர்ட்டு ஏறவே இல்லை; 1926 பிப்ரவரியில் மகனுக்கு அரியணையை விட்டுக்கொடுத்தார், அவ்வளவுதான்.

ஜனவரி 19
கொலை நடந்த அதே 1925-இல் பம்பாயின் கோஹினூர் ஃபிலிம் கம்பெனி இதைப் படமாக்கிவிட்டது. ஹோமி மாஸ்டர் இயக்கிய ஊமைப்படம், ‘குலீன் காந்தா’. குலீன் என்றால் உயர்குலம், காந்தா என்றால் பெண். ஊரே ஆட்டக்காரி என்று பேசிய ஒருத்தியின் கதைக்கு இந்தப் பெயர்! அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கோர்ட்டில் அத்தனை பேச்சும் பேசியவரின் பாத்திரம், திரையில் வாய் அசைத்திருக்கும், சத்தம் வந்திருக்காது. கன்னத்து வடுவைக் காட்டினார்களா? பார்த்துச் சொல்லப் படம் இல்லை.

இந்தியாவில் எடுத்த ஊமைப்படங்கள் 1300-க்கு மேல். முப்பதுகூடத் தேறவில்லை. அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட் சுருள், சட்டென்று தீப்பிடிக்கும். எரியாமல் தப்பியதில் எவ்வளவோ சுருளை, அதிலிருக்கும் துளி வெள்ளிக்காகக் கரைத்துவிட்டார்கள். நினைத்தால் வயிறு எரிகிறது.

ஜனவரி 25
பழைய சாமான் விற்கும் சோர் பஜாரில், உடைந்த கிராமபோனுக்கு அடியில் ஒரு வட்டத் தகர டப்பா. மூடியை நெம்பியபோது கை நடுங்கியது. உள்ளே ஃபிலிம் சுருள் மக்கிப்போன பழுப்புப் பொடி, ஓரத்தில் தேன்பாகு மாதிரி ஒட்டிய ஒரு கட்டி. கடைக்காரர் அதைத் தரையில் தட்டிவிட்டு, “சாவி, ஆணி போட்டு வைக்கலாம்” என்று நீட்டினார். வாங்கவில்லை.

இரண்டு தடவை சோப்புப் போட்டாயிற்று. விரல் நுனியில் இன்னும் அந்த வாடை.