தங்க வேலையை அப்புறம் பார்க்கலாம், முதலில் சக்கரம்

பழைய கடிகாரங்களைப் பிரித்து மாட்டுவது என் பொழுதுபோக்கு. பழங்காலத் துப்பாக்கிகள் மேல் ஆசை வந்ததும் அந்த வழியாகத்தான். சுடுவதில் எனக்குத் துளியும் ஆர்வம் இல்லை. உள்ளே ஸ்பிரிங் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கத்தான் பிடிக்கும்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்காக 1540 - 45 வாக்கில் மியூனிக்கில் செய்தது. செய்தவர் பீட்டர் பெக். துப்பாக்கி செய்பவர் மட்டுமல்ல, கடிகாரமும் செய்தவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது புரிந்துவிடும்.

அது வீல்லாக் வகை. லாக் என்றால் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொறி, வீல் என்றால் சக்கரம். அதற்கு முந்தைய துப்பாக்கிகளில் திரியைக் கொளுத்தி வைத்துக்கொண்டேதான் திரிய வேண்டும். மழை பெய்தால் அணைந்துவிடும், இருட்டில் கங்கு காட்டிக்கொடுத்துவிடும், இடுப்பில் செருகவும் முடியாது. வீல்லாக்கில் ஓரத்தில் பல் வெட்டிய ஒரு எஃகுச் சக்கரம் இருக்கும். அதன் அச்சைச் சாவியால் திருகினால், சில கண்ணிகளே உள்ள குட்டிச் சங்கிலி சுற்றிக்கொண்டு ஒரு முரட்டு ஸ்பிரிங்கை வளைக்கும். விசையை இழுத்ததும் சக்கரம் விர்ரென்று சுழலும். மருந்துக் கிண்ணத்தின் மூடி தானாகவே விலகும். பைரைட் கல் சக்கரத்தில் உரசித் தீப்பொறி பறக்கும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில். இதில் ஒரு பாகம் கொஞ்சம் பிந்தினாலும் மருந்து பற்றாது.

பெக் செய்ததில் இரண்டு குழல்கள். ஒவ்வொன்றுக்கும் தனி லாக், ஆனால் இரண்டையும் ஒரே அமைப்பாகக் கோத்திருக்கிறார். சுமார் 49 சென்டிமீட்டர் நீளம், எடை இரண்டரைக் கிலோ. இரட்டைத் தலைக் கழுகு, தூண்கள், செர்ரிக் கட்டையில் பதித்த மான்கொம்பு என்று அலங்காரத்துக்கும் குறைவில்லை. பார்ப்பவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கென்னவோ அந்த இரட்டை லாக்தான் பெரிய வேலை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. திரியில்லாத துப்பாக்கியை அங்கிக்குள் மறைத்துக்கொண்டு போகலாம் என்பதால், 1517, 1518ஆம் ஆண்டுகளில் வீல்லாக்குக்குத் தடை போட்டவர் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன். சார்லஸ் அவருடைய மகன் வழிப் பேரன்!

விசித்திரத்துக்காகவே பேர் வாங்கிய துப்பாக்கிகளும் நிறைய. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியிடம் நடுவில் துப்பாக்கி பொருத்திய கேடயங்கள் இருந்தன. ஹென்றி நாக் செய்த ஏழு குழல் துப்பாக்கியைப் பிரிட்டிஷ் கடற்படை வாங்கியது. ஏழும் ஒன்றாக வெடிக்கும், சுட்டவன் தோள் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். 1718இல் ஜேம்ஸ் பக்கிள் காப்புரிமை பெற்ற துப்பாக்கியில் கிறிஸ்தவர்களுக்கு உருண்டைக் குண்டு, துருக்கியர்களுக்குச் சதுரக் குண்டு. இது கைத்திறனா, கிறுக்குத்தனமா என்று கேட்டால் என் ஓட்டு இரண்டாவதுக்கு.

திப்பு சுல்தானின் துப்பாக்கிகள் வேறு ரகம். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பட்டறைகளில் செய்த சக்கிமுக்கித் துப்பாக்கிகளில் குழலின் வாய் புலித்தலையாக இருக்கும், உடம்பெங்கும் புலிவரி ஓடும். கழற்றி எறிந்துவிடக்கூடிய ஒட்டு வேலையாக அது தெரிவதில்லை. அந்த வாயிலிருந்துதானே நெருப்பு வரப்போகிறது!

நம் நாட்டு ஆயுதங்களில் தங்க வேலைக்குக் கோஃப்ட்காரி என்று பெயர். எஃகின் மேல் குறுக்கும் நெடுக்குமாக மயிரிழைக் கீறல்கள் போட்டு, அதன் மேல் தங்கக் கம்பியை வைத்துத் தட்டுவார்கள். கீறல்களின் விளிம்பு தங்கத்தைக் கவ்விக்கொள்ளும். பிறகு தேய்த்து மெருகேற்றுவார்கள். கை அதிகம் புழங்கிய இடத்தில் தங்கம் தேய்ந்து கீறல்கள் வெளியே தெரியும். புத்தம்புதுசாக மின்னுவதைவிட இப்படித் தேய்ந்ததுதான் எனக்குப் பிடிக்கும். தங்கம் எப்படி நின்றது என்பது அங்கேதான் தெரிகிறது.

அருங்காட்சியகங்கள் மேல் எனக்கு ஒரே குறை, எப்போதும் வெளிப்பக்கத்தைத்தான் காட்டுகிறார்கள். சில திருகுகளைக் கழற்றினால் லாக் முழுசாகக் கையில் வந்துவிடும். அதன் உட்புறப் படம் உங்களிடம் இருந்தால், எந்த ஊர்த் துப்பாக்கியானாலும் சரி, அனுப்பி வையுங்கள்.