சூசையப்பர் ஓடிப்போகவில்லை

மார்ச் 19

இன்று மரியாவின் கணவர் சூசையப்பரின் திருநாள். மத்தேயு முதல் அதிகாரத்தை மறுபடியும் எடுத்து வாசித்தேன். மண ஒப்பந்தம் ஆன பெண், கூடி வாழும் முன்பே கருவுற்றிருக்கிறாள். அவர் அவளை ஊர் இகழ விடாமல் மறைவாக விலக்கிவிட நினைக்கிறார். வானதூதர் கனவில் வந்து "அஞ்ச வேண்டாம்" என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த மனிதர் அஞ்சியிருக்கிறார், அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அஞ்சினார், ஆனால் ஓடிப்போகவில்லை.

ஈஸ்டர் முடிந்ததும் இளையோர் குழுவுக்கு 'உயிரைக் காப்போம்' என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று பங்குத்தந்தை சொல்லியிருக்கிறார். கருக்கலைப்பு பாவம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. ஆனால் அது அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்திருந்தும், நாளைக்கு அவர்களில் ஒருத்தி இக்கட்டில் மாட்டிக்கொண்டால் யாரிடமிருந்து முதலில் ஒளிந்துகொள்வாள்? நம்மிடமிருந்துதான். பேசினால் இதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மார்ச் 21

டவுன் சிண்ட்ரோம் நாள். பிறவியிலேயே வளர்ச்சி தாமதமாகும் இந்த நிலையில் 21-ஆவது குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் மூன்றாம் மாதம் 21-ஆம் தேதி.

தெரிந்த தம்பதி ஒருவரின் நினைவு வந்தது. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடிந்து, "ஆபத்து அதிகம்" என்று தாள் கையில் வந்தது. அது நிகழ்தகவுக் கணக்கு மட்டுமே. உறுதியாகத் தெரிய பனிக்குட நீரையோ நஞ்சுக்கொடித் திசுவையோ எடுத்துச் சோதிக்க வேண்டும். அந்த அறையில் இதை யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை. "கருக்கலைப்பை எப்போது வைத்துக்கொள்ளலாம்?" என்ற கேள்விதான் முதலில் வந்தது. வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகும், வெளியே வரும்வரை அதே கேள்வி வேறு வேறு வார்த்தைகளில் வந்துகொண்டே இருந்ததாம். தேர்ந்தெடுக்கும் உரிமை என்று உலகம் பேசுகிறது. அன்று அவளுக்கு எதிரே ஒரே ஒரு கதவைத்தான் திறந்து வைத்திருந்தார்கள்.

அந்த மூன்றாவது குரோமோசோமைப் பற்றிய ஆய்வு 1959-இல் வெளிவந்தது. ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்ப்பான் ஆகிய மூவரின் பெயரிலும். யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சச்சரவு பின்னாளில் எழுந்தது, அது தனிக் கதை. லெஜூன் கத்தோலிக்கர். தன் நோயாளிகளுக்கு உதவத் தேடிக் கண்டதையே வைத்து அவர்களைப் பிறக்கவிடாமல் செய்கிறார்களே என்பதுதான் கடைசிவரை அவருடைய வேதனை. வெளிப்படையாகப் பேசினார், அறிவியல் வட்டாரத்தில் ஒதுக்கப்பட்டார். 1994 ஏப்ரல் 3, ஈஸ்டர் ஞாயிறன்று காலமானார். மேடைப் பேச்சைவிட, அந்தக் குழந்தைகளுக்குக் கடைசிவரை அவர் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மார்ச் 25

மங்கள வார்த்தைத் திருநாள், மரியா கருவுறுவார் என்று வானதூதர் அவரிடம் அறிவித்த நாள். கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒன்பது மாதம் முன்பு. கடவுள் மனிதரானதைத் திருச்சபை கொண்டாடுவது மாட்டுத்தொழுவத்தில் தொடங்குவதில்லை, கருப்பையில் தொடங்குகிறது. லூக்காவிலும் அப்படித்தான்: மரியா வாழ்த்தியதும் எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை துள்ளியது.

1995-இல் இதே நாளில்தான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 'வாழ்வின் நற்செய்தி' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். அதிலிருந்து கூட்டங்களில் மேற்கோள் காட்டும் பகுதிகள் எப்போதும் ஒன்றுதான். 59-ஆம் எண் பத்தியை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. கருக்கலைப்பில் தாயைத் தவிர வேறு யாருக்கெல்லாம் பொறுப்பு என்று அங்கே எண்ணிச் சொல்கிறார். முதலில் நிற்பவன் குழந்தையின் தகப்பன். வற்புறுத்தியவன் மட்டுமல்ல, கர்ப்பத்தின் பாரத்தை அவள் தனியாகச் சுமக்கட்டும் என்று விலகிக்கொண்டவனும். அடுத்து குடும்பம், நண்பர்கள், மருத்துவர்கள், சட்டம் இயற்றியவர்கள். சூசையப்பர் எதைச் செய்யாமல் இருந்தாரோ அது இங்கே எழுத்தில் இருக்கிறது. பேச்சுக்கு இதை எடுத்துக்கொண்டேன்.

99-ஆம் எண், கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்களிடமே நேராகப் பேசுவது. மனம் தளராதீர்கள், நம்பிக்கையை இழக்காதீர்கள் என்கிறார்.

மாலைத் திருப்பலி முடிந்ததும் ஓர் அக்கா என்னை ஓரமாக அழைத்தார். செபமாலை கையிலேயே இருந்தது, மணி நகரவில்லை. "இதை மேற்றிராணியார்தான் மன்னிக்கணுமாமே, அப்படியா?" எதை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முன்பு பல இடங்களில் ஆயர்தான் மன்னிக்க முடியும் என்று இருந்தது உண்மை. 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிட்டார் என்று சொன்னேன். "எந்தச் சாமியார்னாலுமா?" எந்தச் சாமியார்னாலும். ஆண்டுக்கணக்காக இந்தக் கேள்வியைச் சுமந்திருக்கிறார். பாவம் என்று அவருக்குச் சொன்ன வாய்கள் ஏராளமாக இருந்திருக்கும். மன்னிப்பு எங்கே கிடைக்கும் என்பதை ஒரு வாயும் சொல்லவில்லை.

ஏப்ரல் 11

கூட வேலை பார்க்கும் தம்பி கேட்டான்: "உங்க மதத்தை எங்க மேல ஏன் திணிக்கிறீங்க?" நியாயமான கேள்விதான். கருவுற்ற கணம் முதல் தாயினுடையதும் அல்லாத, தகப்பனுடையதும் அல்லாத தனி மரபணுச் சேர்க்கையோடு ஒரு மனித உயிர் வளர்கிறது என்பது வேதாகமம் சொல்லி வந்ததில்லை, உயிரியல் பாடம். ஏறத்தாழ 22-ஆம் நாளில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. அந்த உயிருக்கு என்ன மதிப்பு கொடுப்பது என்பதில்தான் சண்டை. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. டீ மட்டும் வாங்கிக் கொடுத்தான்.

ஏப்ரல் 17

பேச்சுக்குப் பழைய காலத்திலிருந்து ஏதாவது கிடைக்குமா என்று தேடியபோது மாட்டியது ஒரு கடிதம். கி.மு. 1-ஆம் ஆண்டு, எகிப்து. அலெக்சாந்திரியாவில் வேலை பார்க்கும் ஹிலாரியோன் தன் மனைவி ஆலிஸுக்கு எழுதுகிறான். கவலைப்படாதே, கூலி கிடைத்ததும் அனுப்புகிறேன், உன்னை எப்படி மறப்பேன் என்றெல்லாம் உருகுகிறான். நடுவிலே ஒரு வரி: பிறப்பது ஆணாக இருந்தால் இருக்கட்டும், பெண்ணாக இருந்தால் வெளியே போட்டுவிடு. கொடியவன் எழுதியது போலவே இல்லை, அதுதான் திகிலாக இருக்கிறது. அன்புள்ள கணவன்தான். அவன் காலத்தில் அது சாதாரணம்.

அந்த உலகத்துக்குள்தான் முதல் கிறிஸ்தவர்கள் வந்தார்கள். 'திதாக்கே' என்ற மிகப் பழைய போதனை நூல், கருவைக் கலைக்காதே, பிறந்த குழந்தையைக் கொல்லாதே என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. தியோஞ்ஞேத்து என்பவருக்கு எழுதப்பட்ட இன்னொரு பழைய கிறிஸ்தவ மடலோ கட்டளையிடுவதில்லை, வர்ணிக்கிறது: இவர்கள் எல்லாரையும்போல் மணம் முடிக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், ஆனால் பிள்ளைகளை வெளியே எறிவதில்லை. சட்டம் அவர்கள் கையில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் கண்ணில் படுகிற மாதிரி வாழ்ந்தார்கள், அவ்வளவுதான்.

ஏப்ரல் 28

புனித ஜியான்னா பெரெத்தா மோல்லாவின் நினைவு நாள். இத்தாலியக் குழந்தை மருத்துவர். நான்காவது குழந்தையைச் சுமந்தபோது கருப்பையில் கட்டி. குழந்தைக்கு ஆபத்தில்லாதபடி கட்டியை மட்டும் எடுக்கச் சொன்னார். 1962 ஏப்ரல் 21-இல் மகள் பிறந்தாள், ஒரு வாரத்தில் தாய் இறந்தார். 2004-இல் புனிதர் பட்டம்.

இவரைப் பிரசங்கத்தில் கையாளும் விதம் சில நேரம் எனக்கு எரிச்சலூட்டும். "பார், ஒரு தாய் என்றால் இப்படி" என்று பெண்கள் பக்கம் விரல் நீட்டுவார்கள். தாயின் உயிரைக் காக்கக் கருப்பையையே அகற்றும் சிகிச்சையைக்கூட, குழந்தையின் சாவு நோக்கமாக இல்லாதவரை, திருச்சபை போதனை தடுத்திருக்காது. கடமை கேட்டதற்கும் மேலாக அன்பினால் கொடுத்தவர் அவர். அடுத்தவள் தலையில் கட்டினால் அது அன்பாக இருக்காது.

மே 3

பேசி முடித்தாயிற்று. 59-ஆம் எண்ணை வாசித்தபோது பையன்கள் வரிசை அமைதியாகிவிட்டது. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்: "கல்யாணம் ஆகாம ஒருத்தி மாசமா நம்ம கோயிலுக்கு வந்தா, அவளைப் பாடற்குழுவில் தொடர்ந்து பாட விடுவீங்களா?"

பங்குத்தந்தையைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். "விடுவோம்" என்றார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர், அது தப்புக்கு உடந்தை ஆகாதா என்றார். "பிள்ளையைப் பெத்துக்கத்தானே சொல்றோம்? பெத்துக்கிட்டவளை எங்கே உட்கார வைக்கிறது?" என்று அவள் விடவில்லை. அரை மணி நேரம் வாக்குவாதம். பாடற்குழு விஷயம் முடிவாகவில்லை, அடுத்த பங்குப் பேரவைக்குப் போயிருக்கிறது. இக்கட்டில் இருக்கும் பெண்களோடு மருத்துவமனைக்குத் துணை போக ஆள் சேர்ப்பது மட்டும் அங்கேயே முடிந்தது. முதலில் பெயர் கொடுத்தவர் அந்த அக்கா. பெரியவரும் கொடுத்தார், பாடற்குழு பற்றித் தன் கருத்து மாறவில்லை என்று சொல்லிக்கொண்டே.